வியூவில் கூட்டுத்தொகை பிழைக்கிறதா? ஒரு பில்லிலிருந்து தொடங்குங்கள்

சுன்னாகம் சந்தைப் பக்கம் மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்கு பில் போடவும் கடன் கணக்குப் பார்க்கவும் சின்னதாக ஒரு மென்பொருள் செய்து கொடுத்திருந்தேன். ஒருநாள் விடியக்காலையிலேயே ஃபோன். "தம்பி, உம்மட மெசின் சொல்லுற கடனை நான் அந்தச் சாப்பாட்டுக்கடைக்காரரிட்டப் போய்க் கேட்டால் மனுசன் என்னை அடிக்க வரும்." போய்ப் பார்த்தேன். 1,500 ரூபாய் நிலுவை இருக்க வேண்டிய பில்லில் 7,000 நிற்கிறது. திரையில் எரர் ஒன்றும் இல்லை. வினவல், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி, நன்றாக ஓடுகிறது, விடையும் தருகிறது, விடைதான் பிழை. எழுதியவன் நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

வியூ என்பது பெயர் கொடுத்துச் சேமித்து வைத்த வினவல். சம் (கூட்டல்), கவுண்ட் (எண்ணிக்கை), ஏவிஜி (சராசரி) போன்றவை உள்ளே இருக்கும் வியூக்களில் இதுதான் தொல்லை. சாதாரண வினவலில் பிழை விட்டால் தேவையில்லாத வரிகள் கண்ணில் படும். இப்படிப்பட்ட வியூ என்றால் எல்லா வரிகளையும் ஒரே எண்ணாகச் சுருக்கி ஒளித்துவிடும். இப்படி ஒன்று உங்களிடம் வந்தால் எந்த ஒழுங்கில் தேட வேண்டும் என்று எழுதுகிறேன். பெரும்பாலும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தை வைத்துத்தான் சொல்கிறேன், இங்கே சின்னக் கடைகளின் மென்பொருள்களில் அதுதான் அதிகம். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளம் வேறுபடும் இடத்தில் சொல்லிவிடுகிறேன். கட்டளைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், நீங்கள் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடியுங்கள். அட்டவணைப் பெயர்களை வேண்டுமானால் தமிழிலேயே வைக்கலாம், இரண்டு தரவுத்தளங்களும் ஏற்றுக்கொள்ளும்.

நாம் பார்க்கப் போகும் அட்டவணைகள் நான்கு. வாடிக்கையாளர், பில், பில்லில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் பில்_வரி, அப்புறம் கட்டிய காசுக்கு கொடுப்பனவு. ஒரு பில்லுக்குப் பல வரிகள் இருக்கலாம், பல தவணையாகக் காசும் வரலாம்.

படி 1: வியூவைத் திறந்து பாருங்கள்

வியூவின் பெயரை நம்ப வேண்டாம். "நிலுவை_வியூ" என்று பெயர் இருந்தால் உள்ளே நிலுவைதான் இருக்கும் என்று யார் சொன்னது? மைஎஸ்கியூஎல்லில் ஷோ கிரியேட் வியூ என்று கொடுத்தால் உள்ளே எழுதியிருப்பது வரும். போஸ்ட்கிரெஸில் பிஜி_கெட்_வியூடெஃப் என்ற செயற்கூறு இருக்கிறது. வந்ததை ஒரு எடிட்டரில் போட்டு வரி பிரித்து வையுங்கள், ஏனென்றால் மைஎஸ்கியூஎல் முழுவதையும் ஒரே வரியாகத்தான் தரும்.

உள்ளே இன்னொரு வியூ இருந்தால் அதையும் திறக்க வேண்டும். அதற்குள்ளும் ஒன்று இருந்தால் அதையும். அடி அட்டவணை வரும்வரை போகாமல் திருத்தத் தொடங்கினால் அரை நாள் வீண். இன்னொன்று, வியூ செய்யும்போது நட்சத்திரக் குறி போட்டு எல்லாப் புலங்களையும் எடுத்திருந்தால், அன்றைக்கு இருந்த புலங்களோடு அது உறைந்துவிடும். பிறகு அட்டவணையில் சேர்த்த புலம் வியூவில் தானாக வராது.

படி 2: ஒரு வரி எதைக் குறிக்கிறது?

ஒரு சீஆர் கொப்பியை எடுத்து ஒரு வசனம் எழுதுங்கள்: "இந்த வியூவின் ஒரு வரி என்பது ஒரு ..." ஒரு பில்லா, ஒரு வாடிக்கையாளரா, ஒரு வாடிக்கையாளரின் ஒரு நாளா? குரூப் பை (எதை வைத்துக் குழுவாக்குவது) என்பதற்குப் பின்னால் இருக்கும் புலங்கள்தான் விடை. பிறகு அதே கேள்வியை ஜொயின் செய்யப்படும் (இணைக்கப்படும்) ஒவ்வொரு அட்டவணைக்கும் கேளுங்கள். இந்த வசனத்தை உங்களால் முடிக்க முடியவில்லை என்றால், வியூவை எழுதியவராலும் முடிந்திருக்காது. பிழை அங்கேதான் இருக்கும்.

படி 3: ஒரு பில்லைக் கையால் கூட்டுங்கள்

மொத்தத் தொகையை வைத்துத் தேட முடியாது. பிழைக்கிற ஒரு பில்லை, சின்னதாகப் பார்த்து எடுத்து, தாளில் கூட்டுங்கள். எனக்குக் கிடைத்தது 101ஆம் பில்:

சின்ன வெங்காயம் 10 கிலோ, 3,000 ரூபாய்
கோவா 5 கிலோ, 1,000 ரூபாய்
கட்டியது மூன்று தவணை: 1,000, 1,000, 500

விற்பனை 4,000, வரவு 2,500, நிலுவை 1,500. இனி வியூவைப் பாருங்கள்:

கிரியேட் வியூ நிலுவை_வியூ அஸ்
செலக்ட் பி.எண், சம்(வ.தொகை) அஸ் விற்பனை, சம்(கொ.தொகை) அஸ் வரவு
ஃப்ரம் பில் பி
ஜொயின் பில்_வரி வ ஒன் வ.பில்_எண் = பி.எண்
ஜொயின் கொடுப்பனவு கொ ஒன் கொ.பில்_எண் = பி.எண்
குரூப் பை பி.எண்;

இது தந்தது: விற்பனை 12,000, வரவு 5,000. கழித்தால் 7,000.

படி 4: கூட்டலை நீக்கிவிட்டு வரிகளைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். வியூவின் உள்வினவலை வெளியே எடுத்து, சம் இரண்டையும் நீக்கி, குரூப் பையை நீக்கி, வேர் பி.எண் = 101 என்று போட்டு ஓடவிடுங்கள். ஆறு வரிகள் வரும்:

சின்ன வெங்காயம் 3,000 | கட்டியது 1,000
சின்ன வெங்காயம் 3,000 | கட்டியது 1,000
சின்ன வெங்காயம் 3,000 | கட்டியது 500
கோவா 1,000 | கட்டியது 1,000
கோவா 1,000 | கட்டியது 1,000
கோவா 1,000 | கட்டியது 500

பொருள் இரண்டு, தவணை மூன்று. ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு தவணையோடும் சோடி சேர்ந்து ஆறாகிவிட்டது. அதனால் விற்பனை மூன்று மடங்கு, வரவு இரண்டு மடங்கு. ஒரே தவணையில் காசு கட்டிய பில்களில் விற்பனை சரியாகவே வரும். ஒரே பொருள் வாங்கிய பில்களில் வரவு சரியாக வரும். நான் சோதித்துப் பார்த்த பில் எல்லாம் ஒரு பொருள், ஒரு கொடுப்பனவு என்று இருந்தபடியால்தான் பிழை என் கண்ணில் படவே இல்லை. ஆகவே சோதனைக்குப் போடும் தரவில் குறைந்தது இரண்டு பொருளும் மூன்று தவணையும் இருக்கட்டும். எண்ணிக்கைகள் வேறுவேறாக இருப்பது முக்கியம், அப்போதுதான் எது எத்தனை மடங்காகிறது என்று பார்த்தவுடன் தெரியும்.

இந்த இடத்தில் பலர் செய்யும் வைத்தியம் சம் என்பதற்குள் டிஸ்டிங்ட் (ஒரே மதிப்பை ஒரு தரம் மட்டும் எடு) போடுவது. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். விற்பனை 4,000 என்று அழகாக வந்தது. வரவு 1,500 என்றது. 1,000 ரூபாய்த் தவணை இரண்டு இருக்க, இரண்டும் ஒரே எண் என்று ஒன்றைத் தள்ளிவிட்டது. வாடிக்கையாளர் கட்டிய 1,000 ரூபாய் காணாமல் போகிறது. விற்பனை சரியாக வந்ததும் இரண்டு பொருளின் தொகையும் வேறுவேறாக இருந்த அதிர்ஷ்டத்தால்தான். சம் டிஸ்டிங்ட் என்று எங்கே கண்டாலும் சந்தேகப்படுங்கள்.

சரியான வழி, ஒவ்வொன்றையும் முதலில் பில் அளவுக்குக் கூட்டிவிட்டு, பிறகு சேர்ப்பது:

செலக்ட் பி.எண், வ.விற்பனை, கொ.வரவு
ஃப்ரம் பில் பி
லெஃப்ட் ஜொயின் (செலக்ட் பில்_எண், சம்(தொகை) அஸ் விற்பனை ஃப்ரம் பில்_வரி குரூப் பை பில்_எண்) வ ஒன் வ.பில்_எண் = பி.எண்
லெஃப்ட் ஜொயின் (செலக்ட் பில்_எண், சம்(தொகை) அஸ் வரவு ஃப்ரம் கொடுப்பனவு குரூப் பை பில்_எண்) கொ ஒன் கொ.பில்_எண் = பி.எண்;

இப்போது மூன்று பக்கமும் "ஒரு வரி ஒரு பில்". பழைய மைஎஸ்கியூஎல் ஒன்றில் மாட்டியிருந்தால், 5.7.7க்கு முந்திய பதிப்புகள் வியூவின் ஃப்ரம் பகுதிக்குள் துணை வினவலை ஏற்காது. அப்போது உள்ளே இருக்கும் இரண்டையும் தனித்தனிச் சின்ன வியூக்களாகச் செய்து, மூன்றாவதில் சேர்க்க வேண்டியதுதான்.

படி 5: காணாமல் போனவர்களைத் தேடுங்கள்

பழைய வியூவில் இன்னொரு ஓட்டையும் இருந்தது, அது முதலாளிக்கே தெரியவில்லை. வெறும் ஜொயின் போட்டிருந்தபடியால், கொடுப்பனவு ஒன்றுமே இல்லாத பில் வியூவில் வரவே வராது. அதாவது ஒரு சதமும் கட்டாதவர் கடன்காரர் பட்டியலிலேயே இல்லை! கொஞ்சமாவது கட்டியவரைத்தான் மென்பொருள் போட்டு வருத்தியிருக்கிறது.

சோடி இல்லாவிட்டாலும் இடப்பக்க வரியை விடாத லெஃப்ட் ஜொயினுக்கு மாறியதும் அவர்கள் திரும்பி வருவார்கள். ஆனால் வரவு என்ற இடத்தில் நல் (மதிப்பே இல்லாத வெற்றிடம்) இருக்கும். 4,000இலிருந்து நல்லைக் கழித்தால் விடையும் நல். இதற்கு, நல் வந்தால் 0 தரும் கோலெஸ்(கொ.வரவு, 0) என்பதை வெளிப்பக்கத்தில் போட வேண்டும். உள்ளே சம்(கோலெஸ்(தொகை, 0)) என்று போட்டால் பயனில்லை. வரியே இல்லாத பில்லுக்கு உள்ளே கூட்டுவதற்கே ஒன்றும் இல்லை, ஜொயினில்தான் அந்த நல் பிறக்கிறது.

லெஃப்ட் ஜொயின் போட்டும் ஆட்கள் வரவில்லையா? வேர் பகுதியைப் பாருங்கள். "வேர் கொ.நேரம் >= ..." என்று வலப்பக்க அட்டவணைக்கு நிபந்தனை வைத்திருப்பீர்கள். நல் எந்த ஒப்பீட்டிலும் தேறாது, ஆகவே அந்த வரிகள் மறுபடியும் விழுந்துவிடும். நிபந்தனையை ஒன் பகுதிக்கு நகர்த்துங்கள், அல்லது மேலே காட்டியதுபோலத் துணை வினவலுக்குள் கொண்டுபோய் வையுங்கள்.

கவுண்டிலும் இதே கதைதான். லெஃப்ட் ஜொயினுக்குப் பிறகு கவுண்ட்(*) போட்டால், கொடுப்பனவே இல்லாத பில்லுக்கும் 1 என்று வரும், ஏனென்றால் பில்லின் வரி ஒன்று இருக்கிறதே. கவுண்ட்(கொ.பில்_எண்) போட்டால் 0 வரும்.

படி 6: வடிகட்டுவது உள்ளேயா வெளியேயா

வேர் என்பது கூட்டுவதற்கு முன் வடிகட்டுவது, ஹேவிங் கூட்டிய பின். வேர் சம்(தொகை) > 5000 என்று எழுதினால் மைஎஸ்கியூஎல் 1111 என்ற எண்ணோடு எரர் தரும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். குழப்பம் வருவது வியூவுக்கு வெளியே. வியூவைப் பயன்படுத்துகிறவருக்கு "விற்பனை" என்பது வெறும் புலம், அதனால் அங்கே வேர் விற்பனை > 5000 என்று எழுதுவதுதான் சரி, ஹேவிங் வேண்டியதில்லை.

ஆனால் நாள் வைத்து வடிகட்ட வேண்டும் என்றால் என்ன செய்வது? வாடிக்கையாளர் வாரியாக எல்லா ஆண்டுகளையும் கூட்டிவைத்த வியூவில் "இந்த மாதம் மட்டும்" என்று வெளியிலிருந்து கேட்க முடியாது. கூட்டிய பிறகு மாதம் என்று ஒன்று அங்கே இல்லை. நாளையும் குரூப் பைக்குள் சேர்த்து, வியூவை "ஒரு வாடிக்கையாளரின் ஒரு நாள்" என்ற அளவுக்கு இறக்கி, வெளியே மறுபடி சம் போடுங்கள். சம்மின் மேல் சம் போடலாம், தப்பில்லை. ஏவிஜியின் மேல் ஏவிஜி போடக் கூடாது. திங்களன்று இரண்டு பில், சராசரி 1,000. செவ்வாயன்று எட்டுப் பில், சராசரி 2,000. இரண்டு நாளின் சராசரி 1,500 என்று வியூ சொல்லும், உண்மையில் 18,000ஐ 10ஆல் வகுத்தால் 1,800. வியூவில் சராசரியை வைக்காமல் சம்மையும் கவுண்டையும் தனித்தனியாக வையுங்கள். வகுப்பதை வெளியே பார்த்துக்கொள்ளலாம்.

படி 7: விடியக்காலை வியாபாரம்

மரக்கறி வியாபாரம் சூரியன் வருமுன்பே தொடங்கிவிடும். சேர்வரோ உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நமக்கும் அதற்கும் 5.30 மணித்தியாலம் வித்தியாசம். 15ஆம் திகதி காலை 4.45க்குப் போட்ட பில் அங்கே 14ஆம் திகதி இரவு 11.15. நாள்வாரியாகக் கூட்டும் வியூ அதை முதல்நாள் கணக்கில் சேர்த்துவிடும். மாத மொத்தம் ஏறக்குறையச் சரியாக இருக்கும், நாள் மொத்தம் மட்டும் லாச்சியில் உள்ள காசோடு ஒத்துவராது. ஒன்பது மணிக்குத் திறக்கும் புடவைக் கடைக்கு இந்தப் பிழை ஒருநாளும் தெரியாது.

கன்வர்ட்_டிஇசட்(நேரம், '+00:00', '+05:30') என்று மாற்றிவிட்டு நாளை எடுங்கள். ஊர்ப்பெயர் கொடுத்து 'ஆசியா/கொழும்பு' என்றும் எழுதலாம், ஆனால் சேர்வரில் நேர வலய அட்டவணைகள் ஏற்றப்படாமல் இருந்தால் விடை நல் என்று வரும். எல்லா பில்லும் நல் என்ற ஒரே நாளுக்குள் போய் விழும். இன்னொரு நுணுக்கம்: நேரப் புலம் டைம்ஸ்டாம்ப் வகை என்றால், யார் கேட்கிறாரோ அவருடைய இணைப்பின் நேர வலயத்துக்கு மாற்றித்தான் மைஎஸ்கியூஎல் தரும், அதற்கு மேலே சொன்ன மாற்றலையும் செய்தால் இரண்டு தரம் கூட்டியதாகிவிடும். டேட்டைம் வகை அப்படி மாறாது. ஒரே வியூ கடையில் ஒரு தொகையும் வீட்டில் ஒரு தொகையும் காட்டுகிறது என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

படி 8: ஒரே கோவா, இரண்டு கோவா

பொருள்வாரியாகக் கூட்டும் வியூவில் "கோவா" இரண்டு வரியாக வந்தது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன், ஒன்றுதான். சார்_லெங்த் போட்டுப் பார்த்தேன், ஒன்று நான்கு, மற்றது ஐந்து. யூனிகோடில் கோ என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். எந்த விசைப்பலகையில் அடித்தார்கள் என்பதைப் பொறுத்தது. கண்ணுக்கு ஒன்று, குரூப் பைக்கு வேறு. போஸ்ட்கிரெஸ் வழக்கமான அமைப்பில் இவற்றை இரண்டு குழுவாகவே எடுக்கும், மைஎஸ்கியூஎல்லில் அது நீங்கள் தெரிவுசெய்த கொலேஷனை (எழுத்துகளை ஒப்பிடும் விதியை)ப் பொறுத்தது. பெயரை விட்டுவிட்டு பொருள் எண்ணால் குழுப்படுத்துங்கள், சேமிக்கும்போதே எழுத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பட்டியலை அப்படியே ஏற்றியிருந்தால் கதை இன்னும் மோசம், அது வேறு வழிகாட்டிக்கு உரியது.

படி 9: எரர் எண்கள்

1055 வந்தால், குரூப் பையில் இல்லாத புலத்தைக் கூட்டாமல் அப்படியே கேட்டிருக்கிறீர்கள். மைஎஸ்கியூஎல் 5.7.5 முதல் இதை இயல்பாகவே தடுக்கிறது. நம் கணினியில் ஸாம்ப் என்ற மென்பொருள் தொகுப்போடு வருவது மைஎஸ்கியூஎல்லின் கிளையான மரியாடிபி, அதில் இந்தத் தடை இயல்பாக இல்லை. அதனால் வீட்டில் ஓடும், சேர்வரில் ஓடாது. அமைப்பை மாற்றித் தடையை எடுத்துவிடச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள், கேட்காதீர்கள். எடுத்துவிட்டால் அந்தக் குழுவில் ஏதோ ஒரு வரியின் மதிப்பைத் தரும், எது என்று சொல்ல முடியாது.

1449 என்றால் வியூவை உருவாக்கிய பயனர் இந்தச் சேர்வரில் இல்லை. ஹோஸ்டிங் மாற்றிய அடுத்தநாள் பெரும்பாலும் இதுதான். டிஃபைனரை, அதாவது வியூவை உருவாக்கியவராகப் பதிந்த பயனரை, மாற்றி வியூவைத் திரும்பச் செய்யுங்கள். 1356 என்றால் உள்ளே இருக்கும் அட்டவணையோ புலமோ போய்விட்டது, அல்லது அனுமதி இல்லை. 1288 என்றால் கூட்டுத்தொகை வியூவில் அப்டேட் செய்யப் பார்க்கிறீர்கள், அது நடக்காது. அடி அட்டவணையைத்தான் மாற்ற வேண்டும்.

படி 10: விடை சரி, ஆனால் ஆமை வேகம்

சில வருடப் பில்கள் சேர்ந்த பிறகு இது வரும். கூட்டல் இல்லாத வியூ என்றால் மைஎஸ்கியூஎல் அதை உங்கள் வினவலோடு கலந்து ஒன்றாக ஓட்டும். குரூப் பை இருந்தால் கலக்க முடியாது. வியூ முழுவதையும் ஒரு தற்காலிக அட்டவணையாகச் செய்துவிட்டுத்தான் உங்கள் வேரைப் பார்க்கும். ஒரு பில்லைக் கேட்டாலும் எல்லா பில்லையும் கூட்டும். அல்கோரிதம் = மெர்ஜ் என்று எழுதிக் கட்டாயப்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம், ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு அதைப் பொருட்படுத்தாது.

வினவல் எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் போட்டுப் பாருங்கள். டிரைவ்ட் என்று ஒரு வரி இருந்து, அதன் வரி எண்ணிக்கை அட்டவணை முழுவதற்கும் கிட்ட வந்தால் நடப்பது இதுதான். 8.0.22 முதல் மைஎஸ்கியூஎல் வெளியே இருக்கும் நிபந்தனையைப் பல இடங்களில் உள்ளே தள்ளிவிடும், மரியாடிபியில் 10.2 முதல். குழுப்படுத்திய புலத்தின் மீது நிபந்தனை இருந்தால்தான் கூட்டுவதற்கு முன்பே வடிகட்டப்படும். ஆகவே பதிப்பை உயர்த்த முடிந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். பில்_வரியிலும் கொடுப்பனவிலும் பில்_எண்ணுக்குச் சுட்டி (இண்டெக்ஸ்) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதுவும் போதாவிட்டால் கூட்டியதைச் சேமிக்க வேண்டியதுதான். போஸ்ட்கிரெஸில் 9.3 முதல் மெட்டீரியலைஸ்ட் வியூ இருக்கிறது, தேவையானபோது ரிஃப்ரெஷ் செய்யலாம். மைஎஸ்கியூஎல்லில் அது இல்லை. இரவில் ஒரு தரம் நாள் மொத்தங்களை ஒரு சுருக்க அட்டவணைக்கு எழுதி வைப்பேன். இன்றைய பில்களை மட்டும் நேரடியாகக் கூட்டி அதனோடு சேர்த்துக்கொள்வேன்.

படி 11: திருத்திய பிறகு

வியூவின் மொத்த விற்பனை ஒரு பக்கம், பில்_வரி அட்டவணையில் எந்த ஜொயினும் இல்லாமல் நேராகக் கூட்டிய தொகை மறுபக்கம். இரண்டும் ஒரு சதம் பிசகாமல் ஒத்துவர வேண்டும். சத வித்தியாசம் வந்தால் தொகைப் புலம் ஃப்ளோட்டாக (தசமத்தைத் தோராயமாக வைக்கும் வகையாக) இருக்கும், டெசிமல்(12,2) ஆக்குங்கள். பெரிய வித்தியாசம் என்றால், பில்லை அழித்துவிட்டு வரியை விட்டுவைத்திருப்பார்கள். அந்நியச் சாவி (வரியை அதன் பில்லோடு கட்டிவைக்கும் விதி) போடாத அட்டவணைகளில் இது சகஜம். எந்த வரிகள் என்று கேட்க:

செலக்ட் வ.பில்_எண், சம்(வ.தொகை)
ஃப்ரம் பில்_வரி வ
லெஃப்ட் ஜொயின் பில் பி ஒன் பி.எண் = வ.பில்_எண்
வேர் பி.எண் இஸ் நல்
குரூப் பை வ.பில்_எண்;

சுன்னாகத்தில் இது நாலு பில்லைக் காட்டியது. முதலாளி கொப்பியைப் புரட்டிப் பார்த்து, மூன்று தன் மகன் பிழையாக அடித்து அழித்தவை என்றார். நாலாவதுக்கு இன்னும் காசு வரவில்லையாம்.